எதிர்பாராத வெற்றி குறித்த விசாரணை

கருவித் தரக் காப்பு வாரியத்தின் லிஃப்ட் அன்று மதியம் வாரியத் தலைவரையும் ஒரு தையற்காரரையும் ஒரு முதலையையும் ஏற்றிக்கொண்டு மேலே போனது. நாலாம் மாடியை எட்டச் சற்று இருக்கும்போது ஒரு முனகல் முனகி அப்படியே நின்றுவிட்டது.

முதலையை நினைத்துக் கலவரப்பட வேண்டாம். பச்சைத் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முதலை. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து நடக்கலாம், அவ்வளவு நீளம். மாலை ஆறு மணிக்கு அது பள்ளி நாடகத்தில் மேடையேற வேண்டும். தலையாக நடிப்பவள் தையற்காரரின் மகள். தலைவருக்கு வெள்ளி விழாக் கோட்டுக்கு அளவெடுத்துவிட்டு, போகிற வழியில் முதலையைப் பள்ளியில் இறக்கிவிடலாம் என்று அவர் அதை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "என்னோட நேரம் பொதுச் சொத்து. லிஃப்டுல போறப்பவே அளவெடுத்துக்குங்க" என்று தலைவர் சொன்னதால்தான் எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள்.

தையற்காரரின் மனைவி அதே வாரியத்தில் நிறுவுநராக இருந்தாள். தலைவரிடம் கோட்டு விஷயத்தைச் சொல்லி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஆகவே லிஃப்ட் நின்ற செய்தி வந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு மனிதர்கள் எழுதிக் கொடுப்பது மூலநிரல், படித்தால் புரியும். கம்ப்யூட்டர் ஓட்டுவதோ அதை அரைத்து எடுத்த வெறும் எண்கள், பைனரி கோப்பு. யார் படித்தாலும் தலை சுற்றும். அந்தப் பைனரி கோப்பைத் திறந்து பார்க்க, வெட்ட, ஒட்ட, திருத்த என்று தனிக் கருவிகள் இருக்கின்றன. அவை உலகமெங்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பொத்தானைத் தட்டினால் டீ ஆறுவதற்குள் வந்து இறங்கிவிடும். அப்படி வந்து இறங்குவதைத் தடுப்பதற்காகத்தான் வாரியமே அமைக்கப்பட்டது. அரசாங்கக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஒவ்வொரு கருவியும் மூலநிரலிலிருந்து, வாரியத்தின் சுவருக்குள், வாரியத்தின் கையாலேயே கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். கண்ட இடத்தில் கட்டியதை வாங்கி வீட்டுக்குள் வைக்கக் கூடாதல்லவா? எண்ணம் நல்ல எண்ணம்தான்.

கட்டி முடித்த கருவியைக் கம்ப்யூட்டரில் நிறுவுவது நிறுவுநரம்மாவின் வேலை. அவள் சேர்ந்த நாளிலிருந்து கட்டி முடிந்தது என்று எதுவும் அவள் மேஜைக்கு வந்ததில்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"என்ன மேடம் அவசரம்?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ரிட்டயர்டே ஆயிட்டார். ஒரு தடவைகூட எதையும் நிறுவல. சின்னக் கறைகூட இல்லாத சர்வீஸ்."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது. மேஜைக்குக் கீழே மடியில் வைத்து முதலைக்குப் பல் தைத்தாள்.

அவள் நாலாம் மாடிக்கு ஓடிவந்து பார்த்தபோது காவலாளி லிஃப்டின் வெளிக்கதவை நெம்பித் திறந்திருந்தார். நாலாம் மாடித் தரையோடு தரையாக ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. அந்தச் சாண் வழியாகத் தலைவரின் நெற்றி தெரிந்தது. அவரிடம் பேச வேண்டுமென்றால் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். துணைத் தலைவர் கைக்குட்டையை விரித்துப் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் பிரிவு அலுவலர்கள் பதவி வரிசைப்படி படுத்திருந்தார்கள். தலைவருக்கு முன்னால் அவர்கள் வழக்கமாக இருக்கிற நிலைதான். வெளியே தெரிந்தது மட்டும் புதிது.

"என்னங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினாள்.

"நான் நல்லா இருக்கேம்மா!" தையற்காரரின் குரல் கேட்டது. "முதலையும் நல்லா இருக்கு! ஆனா இந்தச் சந்து வழியா வராது. தலைக்குள்ள கம்பி வெச்சுல்ல தைச்சிருக்கேன். அமுக்கினா வாய் கோணிடும்!"

லிஃப்டின் சின்னத் திரையில் ஒரு வாசகம் ஓடியது: பராமரிப்புக் காலம் முடிந்தது, நிறுவனத்தை அணுகவும். நிறுவனம் எப்போதோ இழுத்து மூடப்பட்டிருந்தது. லிஃப்டின் மூலநிரலும் அதோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது லிஃப்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த பைனரி கோப்பு ஒன்றுதான். அதற்குள் எங்கோ ஒரு தேதி இருக்கிறது. அதைத் திருத்தினால் லிஃப்ட் நகரும். முன்பெல்லாம் ஆபத்துக் காலத்தில் கையால் சுற்றி இறக்க ஒரு சக்கரம் இருந்தது. கையால் சுற்றுவது நவீனத்துக்கு இழுக்கு என்று தலைவரே அதைக் கழற்றி ஏலம் விட்டிருந்தார்.

"தீயணைப்புக்குச் சொல்லிடலாங்களா ஐயா?" என்றார் காவலாளி.

"என்னய்யா பேசற?" தலைவரின் நெற்றி சிவந்தது. "நாட்டுக்கே கருவி குடுக்கற கட்டடத்துல வெளியாள் கடப்பாரையோட நுழையறதா? வெள்ளி விழா வர்ற நேரத்துல?"

நிறுவுநரம்மா முழங்கையால் ஊர்ந்து முன்னுக்கு வந்தாள். "சார், அந்தக் கோப்பைத் திறந்து தேதியை மாத்தினா போதும். அதுக்கான கருவி ரெடிமேடா கிடைக்குது. அனுமதி குடுத்தீங்கன்னா ரெண்டே நிமிஷத்துல..."

நாலாம் மாடி மூச்சை இழுத்துக்கொண்டது. ரெடிமேட் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் என் பக்கத்துல இருக்கார்ங்கறதால உங்களை மன்னிக்கறேன்" என்றார் தலைவர். "என் உயிரே போனாலும் சரி, உங்க வீட்டுக்காரர் உயிரே போனாலும் சரி, ரெடிமேட் கருவி இந்த வாசப்படி ஏறாது. கட்டுங்க! மூலத்துலேர்ந்து கட்டுங்க! நான் உள்ள இருக்கறப்பவே கட்டுங்க! இதைவிடப் பெரிய வெள்ளி விழா இருக்க முடியுமா?"

படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கைதட்டினார்கள்.

தலைவர் அவசரப் பொத்தானையும் அழுத்தியிருந்தார். லிஃப்டில் போகும்போது தனக்குத் தோன்றும் சிந்தனைகள் வீணாகக் கூடாது என்று அந்தப் பொத்தானை எல்லா மாடி ஒலிபெருக்கிகளோடும் இணைக்கச் சொன்னவர் அவர்தான். இப்போது லிஃப்டுக்குள் நடக்கும் பேச்செல்லாம் கட்டடம் முழுக்கவும், தெருவுக்கு எதிரில் இருந்த வாரியத்தின் இன்னொரு கட்டடத்திலும் கேட்டது. அதை மறந்தே போயிருந்த அவருக்கு இதைத் தெரிவிக்கலாமா என்று துணைத் தலைவர் உடனே ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பு தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

மூலநிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்த அறைக்கு ஒரு காப்பாளர் இருந்தார். எல்லோரும் அவரை மூலவர் என்று அழைப்பார்கள். எழுந்து யாரும் பார்த்ததில்லை. அன்று எழுந்தார். பைனரிக் கருவிகளின் மூலநிரல் இருந்த பென்டிரைவை எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தார். தட்டைத் தூக்க ஓர் ஆள், குடை பிடிக்க ஓர் ஆள், முன்னால் விசில் ஊத ஓர் ஆள் என்று புறப்பட்டார்கள். ஏனென்றால் கட்டும் வேலை எதிர்த்தெருக் கட்டடத்தில்தான் நடக்க வேண்டும். அந்தக் கருவிகளோடு வரும் கையேட்டில், மூலநிரல் இருக்கும் இடத்திலேயே கட்டாதீர்கள், தனி இடத்தில் கட்டுங்கள் என்று ஒரு யோசனை இருந்தது. கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு ஃபோல்டர் திறந்துகொள்ளுங்கள் என்றுதான் அதற்குப் பொருள். வாரியம் தெருவுக்கு அந்தப் பக்கம் ஐந்து மாடி எழுப்பியது.

தெருவைக் கடக்கையில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. தட்டுக்காரர் துள்ளினார். பென்டிரைவ் துள்ளி ஒரு காய்கறி வண்டியில் கத்தரிக்காய்களுக்கு நடுவே விழுந்தது. வண்டிக்காரம்மா எடுத்துக் கொடுக்க வந்தாள்.

"தொடாதீங்க!" என்று மூலவர் அலறினார். "வெளியாள் கை பட்டா அது ரெடிமேட் ஆயிடும்!"

"அப்ப என் கத்தரிக்காயைத் தொட்டதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

அதற்கு விதி இல்லாததால் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

கட்டும் கம்ப்யூட்டர் எதிர்க்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதை இயக்கும் கட்டுநர் விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டுவதற்கு முன் மூலநிரலோடு வரும் ஒரு நிரல் சுற்றுமுற்றும் பார்த்துத் தானே சில கேள்விகள் கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும். திரையில் வரிகள் ஓடின. கட்டுநர் சட்டென்று நிறுத்தினார்.

"வந்துடுச்சு. எப்பவும் இங்கதான் நிக்கும்."

கூடவே வந்திருந்த நிறுவுநரம்மா எட்டிப் பார்த்தாள். 'கட்டும் சூழல் தெளிந்த புத்தியோடு இருக்கிறதா' என்று திரை கேட்டிருந்தது. ஆம் என்று திரையே பதிலும் சொல்லியிருந்தது.

"அதான் ஆமாம்னு போட்டிருக்கே?"

"அது சொன்னா ஆச்சா மேடம்? டாக்டர் சொல்லணும்."

வாரியத்துக்கென்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இந்த ஒரு வரிக்காக நியமிக்கப்பட்டவர். அறையில் இருந்த ஒவ்வொருவரையும் அவர் பரிசோதித்தார். முதலில் நிறுவுநரம்மா.

"இங்க நடக்கற வேலைக்கு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"இல்லீங்க டாக்டர்."

"காதுல குரல் ஏதாவது கேக்குதா?"

"கேக்குது. எங்க வீட்டுக்காரர் குரல். லிஃப்டுக்குள்ளேர்ந்து."

மருத்துவர் தலையைச் சாய்த்து ஒலிபெருக்கியைக் கேட்டார். "எனக்கும் கேக்குது. நீங்க தெளிவா இருக்கீங்க."

அடுத்து, தெருவைக் கடந்து வந்திருந்த துணைத் தலைவரிடம் அதே முதல் கேள்வியைக் கேட்டார். "எப்பவும் தோணுது, நிமிஷத்துக்கு நிமிஷம் தோணுது" என்றார் அவர். மருத்துவர் அவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் லீவு எடுங்க, கடல் காத்து நல்லது" என்று எழுதிக் கொடுத்தார். சராசரியில் சூழல் தெளிந்ததாகவே கொள்ளப்பட்டது.

ஒலிபெருக்கியில் இப்போது பல் தந்தியடிக்கும் சத்தம் வந்தது. நின்ற லிஃப்டில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது ஏசி ஒன்றுதான்.

"டெய்லர், இந்தக் கோட்டுல எத்தனை குண்டூசி குத்தி வெச்சிருக்கீங்க? நடுங்கினா குத்துது."

"நடுங்காம இருங்க சார்."

"குளிருதே!"

"அப்ப ஒண்ணு பண்ணலாம். முதலைக்குள்ள பூந்துக்குங்க. முழுக்கப் பஞ்சு. வெதுவெதுன்னு இருக்கும். வால் பக்கமா வாங்க. ஆங், குனிஞ்சு. காலை மடக்குங்க. பல்லு மேல மட்டும் கைய வெச்சிராதீங்க, என் சம்சாரம் ராப்பகலா தைச்சது."

கொஞ்ச நேரம் துணி உரசும் சத்தம். அப்புறம் சுகமான ஒரு பெருமூச்சு இரண்டு கட்டடங்களிலும் எதிரொலித்தது.

எதிர்க்கட்டடத்தில் கருவி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கட்டுவதை மனிதர் யாரும் செய்ய வேண்டியதில்லை; கம்ப்யூட்டரே செய்யும். வரிகள் மழைபோலத் திரையில் இறங்கின. எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவ்வப்போது 'எச்சரிக்கை' என்று தொடங்கும் வரிகள் வந்தன. எச்சரிக்கைப் பிரிவு அலுவலர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று, "எச்சரிக்கப்பட்டோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நின்றபடியே இருந்துவிட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வெதுவெதுப்பில் தலைவருக்கு மனம் விட்டுப் பேசும் ஆசை வந்திருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றார் தையற்காரர். "இத்தனை வருஷமா இந்த வாரியத்துல எத்தனை கருவி கட்டினீங்க?"

"கட்டினோமாவா? கட்டிக்கிட்டு இருக்கோம். கட்டினோம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுடும். வேலை முடிஞ்சா வாரியம் எதுக்கு? யோசிச்சுப் பாருங்க."

"அப்ப உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் எதை வெச்சு ஓடுது?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. எல்லாம் ரெடிமேட்தான்."

"அந்தக் கட்டற மிஷினு?"

"அதுலதான்யா முதல் ரெடிமேடே போட்டோம். கருவி கட்ட ஒரு கருவி வேணுமே, அதை எதை வெச்சுக் கட்டறது?"

தையற்காரர் யோசித்தார். "நானும் ரெடிமேடுக்கு விரோதிதான் சார். என் பொழைப்புல பாதியை அதுதான் தின்னுச்சு. ஆனா நான் தைச்சுக் குடுத்துடுவேன் சார்."

எதிர்க்கட்டடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துணைத் தலைவர் தொண்டையைச் செருமினார். "இப்ப ஒலிபெருக்கியில வந்தது ரகசியத் தகவல். அதனால யாரும் கேக்கல." எல்லோரும் கேட்காமல் விட்டதற்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கருவி கட்டி முடிந்தது. வாரியத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒன்று முடிந்திருந்தது. கட்டுநர் பயந்துபோய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். நிறுவுநரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால் ஆகியிருந்தது. இனி சோதனை, சோதனை முடிந்தால் அவள் முறை.

கருவியோடு வரும் சோதனைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சில தோற்கும் என்று அதை எழுதியவர்களே முன்கூட்டிச் சொல்லி வைத்திருப்பார்கள். சோதனைகள் மளமளவென்று ஓடின. தேற வேண்டியவை தேறின. தோற்க வேண்டியவை தோற்றன. கடைசியில் ஒரு வரி வந்து நின்றது.

எதிர்பாராத வெற்றி: ஒன்று.

"என்னது இது?" என்றார் துணைத் தலைவர். 

"தோக்கும்னு சொன்ன ஒரு சோதனை ஜெயிச்சிருக்கு சார்" என்றாள் நிறுவுநரம்மா. "நல்லதுதானே?"

"நல்லதா?" துணைத் தலைவர் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். "அம்மா, தோல்வின்னா நமக்கு விதி இருக்கு. தோல்விக்கு மூணு கலர்ல படிவம் இருக்கு. தோல்வியை எப்படி வரவேற்கறது, எங்க உக்கார வைக்கறது, யார் தலையில கட்டறது, எல்லாம் நமக்கு அத்துப்படி. வெற்றிக்கு என்ன இருக்கு? இந்த வெற்றிக்கு யார் பொறுப்பு? யாரைக் கேட்டு ஜெயிச்சுது? இன்னிக்கு ஒண்ணு ஜெயிக்கும். நாளைக்குப் பத்து ஜெயிக்கும். எல்லாமே ஜெயிச்சுடுச்சுன்னா தோல்விப் பிரிவுல இருக்கற குடும்பங்கள் தெருவுக்கா போகும்? யாரும் எதையும் தொடக் கூடாது. விசாரணை!"

விசாரணைக் குழு அங்கேயே அமைந்தது. கட்டுநரை நிற்க வைத்து, இதற்கு முன் எப்போதாவது ஜெயித்ததுண்டா என்று கேட்டார்கள். பள்ளியில் ஒருமுறை சாக்கு ஓட்டத்தில் ஜெயித்ததாக அவர் ஒப்புக்கொண்டார். குழு அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டது. 'வெற்றி' என்றால் என்ன என்று துணைத் தலைவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். எச்சரிக்கை அலுவலர் நின்றபடியே குறிப்பெடுத்தார். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

நிறுவுநரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளியில் முகமெல்லாம் பச்சை பூசிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் மகளை நினைத்தாள். வேலை நிரந்தரமாகாமல் போனால் போகட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிறுவு என்று தட்டினாள். இத்தனை நாள் சம்பளம் வாங்கியதற்கு முதல்முறையாகச் செய்த வேலை அது.

கம்ப்யூட்டர் தலைமைக் கடவுச்சொல் கேட்டது. அது தலைவருக்கு மட்டும் தெரிந்தது.

அவள் கணவருக்குப் போன் போட்டாள். "ஏங்க, கருவி ரெடி. நிறுவணும். தலைவரோட பாஸ்வேர்டு வேணும்."

ஒலிபெருக்கியில் தையற்காரர் சொல்வது கேட்டது. "சார், ஏதோ பாஸ்வேர்டாம்."

"துணைத் தலைவர் ஒப்புதல் இல்லாம நிறுவக் கூடாதே?"

"அவரு விசாரணையில இருக்காராம் சார். ஏதோ ஜெயிச்சுடுச்சாம். சார், மணி அஞ்சு தாண்டிடுச்சு. ஆறு மணிக்கு முதலை மேடையில நிக்கணும்."

"முதலைக்குள்ள நான்ல இருக்கேன்!"

"அதான் சார் சொல்றேன். நீங்களும் அப்படியேதான் நிப்பீங்க."

 அப்புறம் ஒரு தும்மல். "யாருக்கும் கேக்கக் கூடாது. காதைக் குடுங்க" என்றார் தலைவர். கிசுகிசுவென்று ஏதோ சொன்னார்.

தையற்காரர் போனில் தெளிவாக, நிறுத்தி, திருத்தமாகச் சொன்னார். "எழுதிக்கம்மா. என்னைப்போல்யாருமில்லை. எல்லாம் சேர்த்து. நடுவுல இடம் விடாத. இருங்க சார், கடைசியில என்ன சொன்னீங்க? ஆச்சரியக்குறி. ஒண்ணு இல்லம்மா, மூணு."

தெருவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டடங்களும் அதைக் கேட்டன. காய்கறி வண்டிக்காரம்மாவும் கேட்டாள். விசாரணைக் குழு மட்டும் கேட்கவில்லை. வெற்றிக்கும் தோல்வியின்மைக்கும் உள்ள வேறுபாட்டில் அது மும்முரமாக இருந்தது.

கருவி நிறுவப்பட்டது. ஆர்ப்பாட்டம் எதுவுமில்லை. சில வரிகள் ஓடின, நின்றன. புறப்படும்போதே கீழ்த்தள லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து பென்டிரைவில் எடுத்து வந்திருந்த லிஃப்டின் பைனரி கோப்பை நிறுவுநரம்மா திறந்தாள். எண்கள், எண்கள், எண்கள். அவற்றின் நடுவே பழைய தேதி ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதை அடுத்த மாதத்துக்கு நகர்த்தினாள். ஒரேயடியாகப் பல வருஷம் தள்ளிப் போடத் தோன்றியிருக்கலாம். அந்த அவசரத்தில் தோன்றவில்லை. கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகித் தெருவைத் தாண்டி ஓடினாள். லாரி ஹார்ன் அடித்தது. "போம்மா போ, நல்லா ஓடு!" என்றாள் வண்டிக்காரம்மா.

வாரியத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு கூடியிருந்தார்கள். தலைவர் இனி திரும்ப மாட்டார் என்றால் அதைத் துக்கத்தோடு அறிவிப்பதற்காகத் துணைத் தலைவர் முன்னேற்பாடாக அழைத்து வைத்திருந்தார். அவர்களை இடித்துக்கொண்டு போய் அவள் லிஃப்ட் பலகையில் பென்டிரைவைச் செருகினாள். லிஃப்ட் முனகியது, குலுங்கியது, இறங்கியது. கதவு திறந்தது.

தையற்காரரும் முதலையும் நின்றார்கள்.

கேமராக்களைப் பார்த்ததும் முதலை வாயைப் படக்கென்று மூடிக்கொண்டது. "சார், முதலையைக் கழட்டிக் குடுங்க, நேரமாச்சு" என்று தையற்காரர் கிசுகிசுத்தார். "முடியாது. இந்தக் கோலத்துல என் மூஞ்சி பேப்பர்ல வரக் கூடாது. வண்டியை வரச் சொல்லுங்க" என்று முதலை கிசுகிசுத்தது. காலியாக இருந்த பாதி உடம்பைத் தையற்காரர் தோளில் தூக்கிக்கொண்டார். வாலை நிறுவுநரம்மா பிடித்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "தலைவர் எங்கே?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கார்" என்றாள் அவள்.

ஆட்டோவில் முதலை குறுக்காகக் கிடந்தது. வாய் ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாடக ஆசிரியை ஓடிவந்தார்.

"எங்க சார் போனீங்க? வயிறா நடிக்கற பையனுக்குக் காய்ச்சல். ஆள் இல்லையேன்னு தவிச்சுக்கிட்டு இருக்கேன். யாரு உள்ள? பெரியவரா? பரவால்ல, அப்படியே நடுவுக்கு நகருங்க!"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைக்குள் மகள் நுழைந்துவிட்டாள். வாலுக்குள் இன்னொரு பிள்ளை நுழைந்துவிட்டது.

"அங்கிள், நான் நடந்தா நடங்க. நின்னா நில்லுங்க. படுத்தா படுங்க" என்றாள் மகள். "பேசவே கூடாது. வயிறு பேசாது."

ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரைக்குப் போக முடியாமல் தவிக்கும் ஆட்டுக்குட்டிகளுக்காக முதலை குறுக்கே படுத்துப் பாலமாகிறது. அதுதான் நாடகம். தலை நடந்தது, வயிறு நடந்தது. தலை நின்றது, வயிறு கொஞ்சம் தாமதமாக நின்றது. தலை உருக்கமாக ஒரு வசனம் பேசிவிட்டுப் படுத்தது. வயிறும் படுத்தது. ஒன்றாம் வகுப்பு ஆட்டுக்குட்டிகள் மொத்தமும் மே மே என்று கத்திக்கொண்டு அதன் மேல் ஏறி மிதித்து அக்கரை போயின. ஒரு குட்டி ஆர்வக் கோளாறில் திரும்பி வந்து மறுபடியும் போனது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தையற்காரருக்கு வாயெல்லாம் பல். நிறுவுநரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த தலைவர் கோட்டில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். அப்புறம் மெல்லச் சொன்னார். "டெய்லர், இருபத்தஞ்சு வருஷத்துல என்னால ஒரு ஆள் அக்கரை போய்ச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை."

மறுநாள் வாரியம் வழக்கம்போல இயங்கியது. வெற்றி தற்செயலானது, இனி நிகழாது என்று விசாரணைக் குழு உறுதி அளித்தது. கட்டப்பட்ட ஒரே கருவி என்பதால் அது விலைமதிப்பற்றது என்றும், பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. கம்ப்யூட்டரை அணைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதன் மேல் விளக்கு போட்டார்கள். எதிர்பாராத வெற்றி ஈட்டியதற்காக நிறுவுநரம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. அதே உறையில், வேலை நிரந்தரமானதற்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் காவலாக அவள் நியமிக்கப்பட்டதற்கும் ஓர் ஓலை வந்தது. இரண்டிலும் தலைவர் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார்.

மாலையில் தலைவரே அவள் மேஜைக்கு நடந்து வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நேத்து நான் எப்படிப் பண்ணினேன்? பொண்ணு ஏதாவது சொன்னாளா?"

"நல்லா பண்ணினீங்கன்னு சொன்னா சார்."

"அடுத்த வருஷமும் அந்த நாடகம் போடறாங்களாமே? நான் யோசிச்சேன். எனக்கு இருக்கற அனுபவத்துக்கு..." கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "தலை வேஷம் எனக்குப் பொருத்தமா இருக்கும்ல? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் யோசித்தாள்.

"வேண்டாம்மா. அவர் பாவம், படுத்துக்கச் சொன்னா நல்லா படுத்துக்கறார். வயிறாவே இருக்கட்டும். தலைக்கெல்லாம் அவர் சரிப்பட மாட்டார்."

இதை எப்படிச் சொல்வது என்று நிறுவுநரம்மா இரவெல்லாம் யோசித்தாள். காலையில் தலைவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், தலைக்கு ஆள் நிறைய இருக்காங்களாம். வயித்துக்குத்தான் உங்களை மாதிரி ஆள் கிடைக்கறதில்லையாம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. அன்றே அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வாரியத்தில் இனி தன்னை யாரும் தலைவர் என்று அழைக்கக் கூடாது, வயிறு என்றே அழைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. படித்துவிட்டு, பதவி வரிசைப்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.